தாழ்கடலில் நின்ற கப்பல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, இலையுதிர்காலத்தின் கடைசி. ஏரி உறைவதற்கு முன்பே கடைசிச் சுமையை ஏற்றிவிட வேண்டும் என்று இரும்புத்தாதுக் கப்பல்கள் அமெரிக்காவின் டுலூத் துறைமுகத்தில் வரிசை கட்டி ஊதிக்கொண்டிருந்த வாரம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வெண்டல் காங்காஸ், லோர்னா ஹாகனுடைய வீட்டின் நிலவறைக்குள் உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அங்கே கூடியிருந்தவர்கள் விஞ்ஞானக் கதைப் பைத்தியங்கள். ஊரார் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களும் அதை மறுக்கவில்லை. ஒவ்வொருவரும் தாம் எழுதியதைச் சைக்ளோஸ்டைல் செய்து, உறுப்பினருக்கு ஒரு படியாகக் கட்டிக் கொண்டுவருவார்கள். தொலைவில் இருப்பவர்கள் தபாலில் அனுப்பிவிடுவார்கள். கட்டுகள் எல்லாம் டேபிள் டென்னிஸ் மேஜையின் விளிம்பைச் சுற்றி வரிசையாக வைக்கப்படும். பிறகு எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக மேஜையைச் சுற்றி நடந்து, கட்டுக்கு ஒரு தாளாக எடுத்துக்கொண்டே போவார்கள். சுற்று முடியும்போது கையில் முழு இதழ் ஒன்று இருக்கும். அதைத் தட்டிச் சீராக்கி, மூலையில் ஸ்டேப்ளர் அடித்துவிட்டு, மீண்டும் வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். அரட்டை, கேலி, சண்டை எல்லாம் நடந்தபடியே நடக்கும். சுற்றி எடுத்துச் சேர்ப்பதால் அந்த இதழுக்குச் சுற்றிதழ் என்றே பெயர்.

வெண்டல் கொண்டுவந்த தாள் மற்றவர்களுடையதைவிட மூன்று விரற்கடை நீளம். நிலப்படம் வரைவது லோர்னாவின் தொழில். கோணல் எதையும் அவளுடைய கண் பொறுக்காது.

"என்னங்க இது? ஒவ்வொரு இதழும் நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது!"

"வக்கீல் ஆபீஸ்ல வேண்டாம்னு போட்ட தாளுங்க. நல்லாத்தானே இருக்கு?"

"நாக்கும் நல்லாத்தான் இருக்கும். அதுக்காக வெளியிலயே வெச்சுக்கிறோமா?"

அவள் நேரே வெட்டுப்பலகைக்குப் போய், அத்தனை தாள்களின் அடியையும் சீவி எறிந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரிகளும் சீவலோடு குப்பைக்குப் போய்விட்டதை அவள் கவனிக்கவில்லை. கவனித்த வெண்டலோ, புதிதாக வந்தவர் ஆகையால், வாயைத் திறக்கவில்லை. அடுத்த இதழில் வந்த கடிதங்களைப் பார்க்கவேண்டுமே! பக்கத்துக்குப் பக்கம் பாதியில் நிறுத்திப் புதிர் போடும் இந்தப் புதிய உத்தியைப் பற்றி நான்கு மாநிலங்களிலிருந்து விவாதித்திருந்தார்கள். உண்மை தெரிந்த அன்று லோர்னா வெட்கத்தால் சிவந்துபோனாள். வெண்டல் மட்டும், "அம்மணி, என்கிட்ட இல்லாத திறமையை நீதான் வெட்டி எடுத்துக் குடுத்தே," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்று முதல் சாகும்வரை அவளுக்கு அவர் வாயில் 'அம்மணி' என்பதே பெயர்.

வெண்டல் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை ஐலியும் அவரும் தம் தகப்பனார் கட்டிய வீட்டில் வாழ்ந்தார்கள். ஐலி சுடும் ஏலக்காய் ரொட்டிக்காகவே சுற்றிதழில் சேர்ந்தவர்கள் உண்டு. அவள் மட்டும் அதில் ஒரு வரியும் படித்தவள் இல்லை. "எங்க அண்ணனுக்குப் பனியைத் தள்ளத் தெரியும், ரொட்டியைத் தின்னத் தெரியும். மிச்ச நேரத்துல வானத்துல இருப்பான்," என்பாள்.

வானத்தில் அவர் எழுப்பிய கதைக்குத் 'தாழ்கடல்' என்று பெயரிட்டிருந்தார். அந்தக் கதையின் அண்டம் எல்லா இடத்திலும் ஒரே தன்மை உடையது அன்று. மேற்கரை என்னும் பகுதியில் அறிவுக்கு எல்லையே இல்லை. அங்கே ஒரு கெண்டிகூடக் கவிதை சொல்லும். கீழே இறங்க இறங்க, குளிரில் தேன் இறுகுவதுபோல எண்ணம் இறுகிவிடும். தாழ்கடலின் அடியில் எந்த உயிரும், எந்த இயந்திரமும், ஒரு நேரத்தில் ஓர் எண்ணத்துக்குமேல் வைத்துக்கொள்ள முடியாது. மூளையின் குறையன்று அது. இடத்தின் இயல்பு, நீர் பள்ளத்துக்கு ஓடுவதைப் போல. முதல் அத்தியாயத்திலேயே வெண்டல் இதைச் சட்டமாக எழுதி, 'இதை யாராலும் ஏமாற்ற முடியாது' என்று கீழே கோடும் போட்டுவிட்டார்.

அந்தக் கோடுதான் அவருக்கு எமனாக வந்தது.

சுற்றிதழில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதியதை நன்றாக இருக்கிறது என்று சொல்வது அவமதிப்பு. படிக்காமலே சொல்லக்கூடிய வார்த்தை அது என்பார்கள். ஓட்டை கண்டுபிடிப்பதே மரியாதை. எந்த வரி எந்தச் சட்டத்தை மீறுகிறது என்று மூன்று பக்கத்துக்குத் திட்டி எழுதினால், அந்த ஆளை மதிக்கிறார்கள் என்று பொருள். மிக மிகப் பிடித்துப்போனால் மட்டும், ஒரே வரி: 'காகிதம் வீணாகவில்லை.'

கதையில், தாழ்கடலின் அடியில் சிக்கிக்கொண்ட குடியேறிகளை மீட்க இமெரா என்னும் தலைவி கப்பலோடு இறங்குகிறாள். கப்பலை நடத்தும் பேரறிவு இயந்திரத்துக்கு டீக்கன் என்று பெயர். மேலே இருக்கும்வரை, பெயருக்கேற்பத் தேவாலய ஊழியர்போல அது பிரசங்கம் செய்யும். அடியைத் தொட்டதும் அதற்கு ஒரு சொல்தான் மிஞ்சுகிறது. சமையல்காரன் கடந்து போகும்போதெல்லாம், "உப்பு?" என்று கேட்கும். அவனும் உப்பை எடுத்துவரப் போவான். எதற்கென்று இருவருக்கும் தெரியாது. நாடு முழுவதும் இருந்த உறுப்பினர்கள் இந்த இடத்தைப் படித்துச் சிரித்துத் தீர்த்தார்கள்.

சரி, இறங்கியாகிவிட்டது, ஏறுவது எப்படி? மேலே போகவேண்டும் என்பதே கீழே எவருக்கும் நினைவில் இல்லையே.

சுவரில் எழுதிவைத்த கட்டளையைப் படித்து இமெரா கப்பலைத் திருப்புவதாக வெண்டல் ஒரு முடிவு எழுதினார். லோர்னா கடிதம் எழுதினாள்: 'படிப்பதற்கு, எழுத்தைப் பார்க்கவேண்டும், முந்தைய சொல்லையும் நினைவில் வைக்கவேண்டும். அவை இரண்டு எண்ணங்கள். உமது சட்டத்தை நீரே மீறுகிறீர்.' வெண்டல் அந்த முடிவைக் கிழித்துப் போட்டார். மேலிருந்து கயிறு கட்டி இழுப்பதாக எழுதினார். கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் கார்வின் ஸ்டோல்ட்ஸ், அவ்வளவு நீளக் கயிறு தன் எடையாலேயே அறுந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதுவும் போயிற்று.

கப்பல் ஆண்டுக்கணக்காகத் தாழ்கடலின் அடியிலேயே நின்றது. யாரைச் சந்தித்தாலும், "என்ன வெண்டல், இன்னும் கீழேதானா?" என்பதே விசாரிப்பு. "கீழேதான். ஆனா உப்புக்குப் பஞ்சம் இல்ல," என்பார் அவர்.

ஏமாற்றி முடித்திருக்கலாம். வேறு கூட்டமாக இருந்தால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் ஒரு தடவையும் அவர் சலித்துக்கொண்டதில்லை. அதிகாலையில் பனி தள்ளப் போகும் வழியில், லோர்னாவின் வாசலையும் தம் லாரியாலேயே சுத்தம் செய்துவிட்டு, சன்னலைத் தட்டி, கப்பலை மேலே ஏற்ற அன்று தோன்றிய வழியை, "காந்தம்?" என்று கேட்பார். அவள் இரவு உடையோடு ஒரு கணம் யோசித்து, "நடக்காது," என்று தலையை ஆட்டுவாள். லாரி போய்விடும். லோர்னா காபி குடிக்கும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். அந்தத் தட்டல் இல்லாத பனிக்காலம் அவளுக்கு நினைவில் இல்லை.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு வசந்தத்தில் வெண்டலுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை ஓய்ந்தது. எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது, மனத்துக்கு எட்டவில்லை. பேச்சு மட்டும் ஓரளவு திரும்பிவந்தது. அதுவும் சொற்கள் இடம் மாறி. கரண்டி என்று சொல்ல நினைத்தால் செருப்பு என்று வரும். தவறு என்று அவருக்கே தெரியும். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி தேடுவார்.

கோடையில், ஐலியிடம் சொல்லிச் சொல்லி ஒரு பக்கம் எழுதவைத்து, சுற்றிதழுக்கு அனுப்பினார். கப்பலில் இமெரா ஒரு பாட்டு முழுவதையும் பாடுகிறாள் என்று அதில் இருந்தது. தாழ்கடலின் அடியில் ஒரு முழுப் பாட்டு! சாதாரண நாளாக இருந்தால் அந்த ஒரு வரிக்கு நாற்பது பேர் பாய்ந்திருப்பார்கள். வந்த கடிதங்களை ஐலி சமையலறையில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். லோர்னாவும் உடன் இருந்தாள்.

"'அற்புதம், வெண்டல்.' இது ஒஹையோக்காரர். 'கண்ணீர் வந்துவிட்டது.' இது யாரோ பெண். கார்வின் என்ன எழுதியிருக்கார் பாரு அண்ணா, 'மிக அழகான பக்கம்.'"

வெண்டல் இடக்கையால் மேஜைமேல் இருந்த கடிதங்களை ஒரே தள்ளாகத் தரையில் தள்ளினார். பனி தள்ளும் லாரியின் தகடுபோல அந்தக் கை போயிற்று.

"ஏன் அண்ணா? எல்லாரும் நல்லதுதானே சொல்லியிருக்காங்க!"

அவர் தங்கையைப் பார்க்கவில்லை. லோர்னாவையே பார்த்தார்.

"அம்மணி. நான்... கீழேயா? கீழே போயிட்டேனா?"

லோர்னா குனிந்து கடிதங்களைப் பொறுக்கினாள். தரையில் கிடந்த கடிதங்களில் அவளுடையதும் இருந்தது. 'மென்மையாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். பதினேழு ஆண்டுகளில் அவருக்கு அவள் எழுதிய முதல் பொய் அது. அந்த ஆள் இழந்த வலக்கையைக்கூட இவ்வளவு தேடவில்லை. தம்மைச் சரிசமமாக வைத்துச் சண்டை போட ஒருவரும் இல்லாமல் போனார்களே, அதைத்தான் தேடினார். கதையை ஓட்டை இல்லாமல் முடித்தால் அன்றி அந்த இடம் திரும்பக் கிடைக்காது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது.

வாசலில் ஐலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "லோர்னா, இனிமே அவன் என்ன எழுதினாலும் நல்லா இருக்குன்னே சொல்லிடு. அவனால தாங்க முடியாது. எனக்காக." லோர்னா சரி என்று தலையசைத்துவிட்டு வந்தாள்.

இதழ் அடுக்கும் அடுத்த ஞாயிறு வந்தது. வெண்டல் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். வரிசையில் லோர்னாவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். எடுத்த தாள்களை அசையாத வலக்கையின் மடிப்பில் இடக்கையால் செருகிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தார். யாரும் அவசரப்படவில்லை. முன்னால் கார்வின், தாம் புதிதாகப் படித்த நாவல் ஒன்றைத் தாளித்துக்கொண்டிருந்தார்.

"விண்கலம் திரும்புறப்போ சத்தம் கேக்குதாம்! காத்தே இல்லாத எடத்துல!"

"உள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்கும் கார்வின். இரும்பு அதிருமில்ல?" என்றாள் லோர்னா.

"வெளியில நிக்கிறவனுக்குக் கேக்குதுன்னு எழுதியிருக்கான் அந்த மகராசன்!"

"அப்ப அவனைத் தூக்குல போடுங்க."

சுற்று முடிந்து அவள் தன் இதழைத் தட்டினாள். ஒரு தாள் குறைந்தது. வாதத்தின் வேகத்தில் ஒரு கட்டைத் தாண்டி வந்திருக்கிறாள். பின்னால் வந்த வெண்டலின் இதழை வாங்கிப் பார்த்தாள். எல்லாம் வரிசையாக, முறையாக இருந்தன. ஓர் எழுத்துக்கூடப் படிக்க முடியாதவர் ஒரு தாளையும் விடவில்லை.

"பாத்தீங்களா, என்னைவிட வெண்டல் தேவலை," என்று அவள் கேலியாகத்தான் சொன்னாள்.

வெண்டல் நின்றுவிட்டார். பாலத்தின் நடுவே லாரி நின்றதுபோல, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

"மேஜை," என்றார்.

"உக்காரணுமா அண்ணா? நாற்காலி வேணுமா?" என்று ஐலி ஓடிவந்தாள்.

"இல்ல! மேஜை. கப்பல்ல. கீழே." இடக்கையால் லோர்னாவின் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளினார். "போ. நீ போ." அவள் ஓரடி வைத்தாள். அவர் பின்னாலேயே ஓரடி வைத்து, ஒரு தாளை எடுத்தார். மறுபடி தள்ளினார், மறுபடி ஓரடி, ஒரு தாள். "ஒண்ணுதான்... நெனப்பு. முன்னாடி ஆளு. அவ்ளோதான். ஆனா..." கையில் இருந்த இதழை உயர்த்திக் காட்டினார்.

கார்வின் கண்ணாடியைக் கழற்றினார்.

"முன்னால போறவன் பின்னாலயே போ. கைக்கு எதிர்ல இருக்கிறதை இழு. ஒருத்தனுக்கு ஒரே ஒரு எண்ணம்," என்று மெல்லச் சொன்னார். "கப்பலை ஏத்துற விசைகளை மேஜையைச் சுத்தி, மேற்கரையில இருக்கும்போதே, வரிசையா வெச்சிட்டுப் போயிருந்தா... அடப்பாவி வெண்டல். சட்டத்தைத் தொடவே இல்லையே நீ!"

"கப்பல் ஏறுதுன்னு அவங்களுக்கே தெரியாது," என்றாள் லோர்னா.

"தெரியாது," என்றார் வெண்டல். அவர் முகம் ஒரு பக்கமாகச் சிரித்தது. ஆனால் அந்த ஒரு பக்கமே போதுமானதாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் லோர்னா வேலை முடிந்து நேரே காங்காஸ் வீட்டுக்குப் போனாள். அவர் சொன்னார்; அவள் எழுதினாள். சொல் இடம் மாறி வந்தால், அவள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொற்களைச் சொல்லிப் பார்ப்பாள். சரியானது வந்ததும் அவர் மேஜையைத் தட்டுவார். "ஏணியா? கதவா? படகா?" தட்டு. சில நாள்களில் ஒரு வாக்கியம்தான் தேறும். அவளாக ஒரு சொல்லையும் நுழைக்கவில்லை. ஒருநாள் அழகுக்காக ஓர் உவமையைச் சேர்த்து வாசித்தாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் அதை அடித்துவிட்டாள்.

ஏரியில் பனிக்கட்டி உடையும் பருவத்தில் அத்தியாயம் முடிந்தது. லோர்னா அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். ஐலி அடுப்பருகில் நின்று, அவள் சொல்லப்போகும் நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வெண்டல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவில் ஓர் ஓட்டை இருந்தது. வாசிக்கும்போதே அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஐலிக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் உறுத்தியது. வாயை மூடிக்கொண்டால் கதை அச்சாகும், எல்லோரும் பாராட்டுவார்கள், அவரும் நம்பக்கூடும். லோர்னா தாள்களைத் தட்டிச் சீராக்கினாள்.

"ஒரு எடம் இடிக்குது வெண்டல்."

"லோர்னா!" என்றாள் ஐலி.

"எல்லாரும் முன்னால இருக்கிறவனைப் பாத்து நடக்கிறாங்க. சரி. மேஜையோ வட்டம். வட்டத்துல முன்னால இருக்கிறவன்னு தனியா யாரும் கெடையாது. எல்லாரும் நின்னுக்கிட்டிருக்கிறப்போ, மொதல் அடியை எடுத்து வெச்சது யாரு? எதுக்காக வெச்சான்?"

ஐலி கையிலிருந்த துணியை மேஜைமேல் எறிந்தாள். வெண்டலின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே இருவரும் நினைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இருமல் வந்து, கண்ணில் நீர் வழிய, இடக்கையால் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"படுபாவி அம்மணி!" என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு சொல்லும் தடுமாறாமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

ஐலி துணியை எடுத்து மடித்தாள். அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியம்," என்று சொல்லி, லோர்னாவின் தட்டில் பெரிய ரொட்டித் துண்டாகப் பார்த்து வைத்தாள்.

விடை அந்த வாரத்திலேயே வந்தது. சாப்பாட்டு நேரத்தில் லோர்னாவைத் தொலைபேசியில் கூப்பிடச் சொன்னார். ஐலி பேசும்குழலை அவர் காதருகே பிடித்துக்கொண்டாள். "யாரு, வெண்டலா? சொல்லு," என்றாள் லோர்னா. நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு சொல்.

"உப்பு?"

லோர்னா பிடித்திருந்த கரண்டியைக் கீழே போட்டாள். ஆமாம்! டீக்கன் உப்புக் கேட்கும். வரிசையில் நிற்கும் சமையல்காரன் எடுத்துவரப் புறப்படுவான். அவன் முதல் அடி வைப்பான். பின்னால் நிற்பவன் தொடர்வான். பல்லாண்டுகளுக்கு முன்பு சிரிப்புக்காக எழுதிய சொல், கப்பலின் அடியில் சாவிபோலக் கிடந்திருக்கிறது.

"ஓட்டை அடைபட்டுது," என்றாள் அவள். "காகிதம் வீணாகலை வெண்டல்."

அந்த இலையுதிர்காலத்து இதழ் தடிமனாக இருந்தது. ஸ்டேப்ளர் ஊசி இறங்காமல் கார்வின் சுத்தியல் கொண்டுவந்தார். கடைசி அத்தியாயத்தின் தாளை வெண்டல் நீளமாகத்தான் அடிக்கவேண்டும் என்று அடம்பிடித்தார். ஒவ்வொரு இதழும் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. லோர்னா வெட்டுப்பலகையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வெட்டாமலே அடுத்த இதழை எடுத்தாள்.

ஏரி முழுவதும் உறைந்த பிறகு அவருக்கு இரண்டாவது தாக்குதல் வந்தது. மருத்துவமனைச் சன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகம் வெறுமையாகத் தெரிந்தது. கப்பல் ஒன்றும் இல்லை. அடுத்த சுற்றிதழைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு லோர்னா வந்தாள். ஐலி கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இதழ் முழுவதும் தாழ்கடலைப் பற்றிய கடிதங்கள். கார்வின் மட்டுமே ஐந்து பக்கம். விசைகளின் உராய்வைப் பற்றிய கணக்கு. டெக்சாஸிலிருந்து ஒருவர் டீக்கனுக்கு உப்பு என்ற சொல் மட்டும் ஏன் மிஞ்சவேண்டும் என்று கொதித்திருந்தார். இடையிடையே, கூட்டத்தின் வழக்கத்தை மறந்து, வாழ்த்தியும் சிலர் எழுதியிருந்தார்கள். அவர் களைத்திருப்பார் என்று எண்ணி, லோர்னா அந்த வாழ்த்துகளை முதலில் புரட்டினாள்.

"'அன்புள்ள வெண்டல், இவ்வளவு காலம் காத்திருந்தது...'"

அவர் கண்ணைத் திறந்தார். இடக்கை மெல்ல எழுந்து, அந்தத் தாளின்மேல் விழுந்து, அதைத் தள்ளியது. சொல்லைத் தேடி உதடுகள் நெடுநேரம் அசைந்தன. லோர்னா குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அது அப்பறம், அம்மணி," என்றார். "திட்டினதை... மொதல்ல படி."